பாலு மகேந்திராவின் கேமரா அவருடைய இயக்கத்துக்குத் துணை நின்றதா, குறுக்கே நின்றதா?

நெய்தல்வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் இயங்கிவரும் சிறிய திரைப்படக் கழகத்தில் அடுத்த மாதம் பாலு மகேந்திராவின் படங்கள் மூன்றைத் திரையிடுவதாக முடிவாகியிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் சுருக்கமாக ஓர் அறிமுகம் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர் ஒளிப்பதிவாளராகத் தொடங்கி இயக்குநரானவர் என்பதையே அறிமுகத்தின் மையமாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். மலையாளத்தில் ராமு காரியாட்டின் ‘நெல்லு’ (1974) வழியாக அறிமுகமானது, அதற்காகவே கேரள அரசின் விருதைப் பெற்றது, 1977-இல் கன்னடத்தில் ‘கோகிலா’வை இயக்கியது, அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது, பின்பு ‘மூன்றாம் பிறை’க்காக (1982) அதே விருதை இரண்டாம் முறை பெற்றது ஆகியவை எல்லோரும் அறிந்தவை.

என் ஐயம் வேறு. அவரைப் பற்றி எழுதுபவர்களில் பெரும்பாலோர் ‘ஒவ்வொரு காட்சியும் ஓர் ஓவியம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு காட்சி ஓவியமாக அமைவது கதை சொல்பவருக்கு உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது பார்வையாளரின் கவனத்தைக் கதையிலிருந்து இழுத்துவிடுகிறதா? கே. ராம்நாத், ஏ. வின்சென்ட் தொடங்கி பி.சி. ஸ்ரீராம், ஜீவா, கே.வி. ஆனந்த் வரை கேமராவிலிருந்து இயக்கத்துக்கு வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. இவர்களில் இயக்குநராக இருந்த காலம் முழுவதும் ஏறத்தாழ எல்லாப் படங்களுக்கும் தாமே கேமராவைப் பிடித்தவர் என்ற வகையில் பாலு மகேந்திரா தனித்து நிற்கிறார். அது அவருக்குப் பலமாக இருந்ததா, எல்லையாக இருந்ததா? எந்த மூன்று படங்களைத் திரையிட்டால் இந்தக் கேள்வியைப் பார்வையாளர்கள் தாங்களே எழுப்பிக்கொள்வார்கள்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெள்ளைத்திரை:

நல்ல கேள்வி. சில ஆண்டுகள் ஒளிப்பதிவு உதவியாளனாக இருந்தவன் என்ற முறையில் நீளமாகவே பதில் எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அறிமுகத்தில் ஒரு திருத்தம் செய்தால் நல்லது. அவர் புனே திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தது இயக்கப் பிரிவுக்குத்தான். அங்கே இடம் கிடைக்காததால் ஒளிப்பதிவுப் பிரிவில் சேர்ந்து, 1969-இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அதற்கு முன்பே கொழும்பில் ‘தேனருவி’ என்ற இலக்கிய இதழை நடத்தியவர். எனவே கேமராவைக் கற்ற பிறகு கதை சொல்லும் ஆசை வந்தது என்று சொல்வதைவிட, கதை சொல்ல வந்தவர் கேமராவின் வழியாகச் சுற்றி வந்தார் என்று சொல்வதே அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தும். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் படங்கள் வேறு விதமாகத் தெரியும்.

இனி ‘இயற்கை ஒளி’ என்று அவரைப் பற்றி ஓயாமல் சொல்லப்படுவதற்கு வருகிறேன். அந்தச் சொல்லைக் கேட்கும் இன்றைய இளைஞர்கள், விளக்கே போடாமல் எடுப்பது எளிதான வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எழுபதுகளில் வழக்கத்தில் இருந்த வண்ணப் படச்சுருளின் வேகம், அதாவது வெளிச்சத்தை உணரும் திறன், 100 ஏஎஸ்ஏ (அந்தத் திறனுக்கான அளவு இது; எண் குறையக் குறைய அதிக வெளிச்சம் வேண்டும்). அதையும் வெயிலில் பயன்படுத்தும்போது நிறத்தைச் சரிசெய்யும் 85 எண் ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் போட வேண்டும் என்பதால் நடைமுறையில் 64 ஆகக் குறைந்துவிடும். இன்று கையில் இருக்கும் கைபேசியே 1600, 3200 என்று தயக்கமின்றி ஏறிவிடுகிறது. 64-ஐ வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டுமானால், லென்ஸின் துளையை முழுவதும் திறந்துவிட வேண்டும். அப்படித் திறந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகவும் குறைந்துவிடும். நடிகர் ஒரு சாண் முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். அதனால் நடிகரை ஜன்னலுக்கு அருகிலேயே அமர வைக்க வேண்டும், அவருடைய அசைவைக் குறைக்க வேண்டும், மறுபக்கத்துக் கன்னம் கறுத்துப் போகாமலிருக்க ஒரு வெள்ளைத் துணியையோ தெர்மாகோலையோ பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட வேண்டும். சூரியன் நகர்வதற்குள் எடுத்தும் முடிக்க வேண்டும். யார் எங்கே உட்காருவது, எவ்வளவு பேசுவது, எப்போது எழுவது என்ற இயக்குநரின் முடிவுகள் இங்கே ஒளிப்பதிவாளரின் முடிவுகளாகிவிடுகின்றன. இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கும். இருவரும் ஒருவராகவே இருந்தால் அது வேண்டியதில்லை. அவருடைய பாத்திரங்கள் அதிகம் அலையாமல் ஜன்னலோரத்திலும் வாசற்படியிலும் அமர்ந்து மெல்லப் பேசுவதற்கு அழகுணர்ச்சியோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அதுவரை நம் ஸ்டுடியோக்களில் இருந்த வழக்கத்தையும் இதனோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். இரவானாலும் குடிசையானாலும் நாயகியின் கூந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு பேக் லைட் விழுந்தே தீரும். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் அந்த வெளிச்சம் காணாமல் போயிற்று. அந்தப் படத்தை இயக்கியவர் ஜெ. மகேந்திரன்; பாலு மகேந்திரா தமிழில் ஒளிப்பதிவு செய்த முதல் படம் அது; அவரை மகேந்திரனுக்கு அறிமுகப்படுத்தியவர் கமல்ஹாசன். ‘செந்தாழம் பூவில்’ பாடலை எடுப்பதற்குத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து பணம் வராதபோது கமலே உதவிசெய்தார் என்பதையும் மகேந்திரன் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பாடலில் மலைப்பாதையில் ஜீப் வளைந்து வளைந்து போகும்போது முகங்களின் மேல் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். பழைய முறையில் பழகிய ஒருவர் அதைப் பிழையென்று சொல்லி வெட்டச் சொல்லியிருப்பார்.

உங்கள் கேள்விக்கான என் விடை ‘வீடு’ (1988). அதில் ஓவியம் என்று சொல்லத்தக்க காட்சிகள் மிகக் குறைவு. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் உள்ள நடுத்தர வர்க்கப் பெண் சுதா, தங்கையோடும் தாத்தாவோடும் ஒரு சொந்த வீட்டைக் கட்டிவிட முயல்கிறாள் என்பதுதான் கதை. கடன் வாங்குவது, சிமெண்ட் களவு போவது, அரசு அலுவலகத்தில் காத்திருப்பது என்று படம் போகிறது, பாடல்கள் இல்லை. பாதி எழும்பி நிற்கும் அந்த வீட்டைப் பார்ப்பதற்காக முதியவர் சொக்கலிங்க பாகவதர் தனியாகப் புறப்பட்டு வரும் காட்சியை மட்டும் கவனித்துப் பாருங்கள். பூசாத செங்கல் சுவரைக் கையால் தடவிக்கொண்டே அறை அறையாக நடப்பார். வசனம் கிடையாது. இளையராஜாவின் இசையும், கதவு வைக்கப்படாத வாசல்கள் வழியே விழும் பகல் வெளிச்சமும் மட்டுமே இருக்கும். சாளரம் பொருத்தாத கட்டடத்தில் வெளிச்சம் தாராளமாக உள்ளே வரும் என்பதை ஓர் ஒளிப்பதிவாளர் அறிவார். அந்தத் தாராளமே அந்த வீடு இன்னும் முடியவில்லை என்பதற்குச் சாட்சியாக நிற்பதை ஓர் இயக்குநர் அறிவார். இரண்டு அறிவும் ஒருவரிடமே இருந்ததால் அந்தக் காட்சியில் எதையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டுத் தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. ஒளிப்பதிவுக்கு விருது கிடைக்கவில்லை. அதுவே அந்த ஒளிப்பதிவின் வெற்றி என்று நான் வாதாடுவேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் படத்தொகுப்பையும் அவரே பார்த்துக்கொண்டார். எழுத்து, கேமரா, வெட்டு ஆகிய மூன்றும் ஒருவரிடம் இருக்கும்போது படப்பிடிப்புக் குழு சிறியதாகிறது, செலவு குறைகிறது. செலவு குறைந்தால்தான் பாட்டும் சண்டையும் இல்லாத ஒரு படத்துக்குத் தயாரிப்பாளர் சம்மதிப்பார். கேமரா அவருக்குத் தந்த சுதந்திரத்தில் பெரும்பகுதி இந்த வரவுசெலவுக் கணக்கில் இருக்கிறது.

மறுபக்கம்:

வெள்ளைத்திரை அவர்கள் தொழில்நுட்பத்தை விளக்கிய விதம் மிகவும் பயனுள்ளது. ஆனால் ‘வீடு’ என்ற ஒரு படத்தை முன்னால் நிறுத்தி மற்றவற்றை அதன் நிழலில் மறைத்துவிட்டாரோ என்று தோன்றுவதால் மறுப்பாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

அவருடைய படப்பட்டியலை நேர்மையாகப் பார்த்தால், கதைக்காக வெளியே கை நீட்டிய படங்கள் கணிசமானவை. மலையாளத்தில் ‘ஓளங்கள்’ ஓர் ஆங்கில நாவலிலிருந்து வந்தது, ‘இரட்டை வால் குருவி’க்கு ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படம் மூலம், ‘மறுபடியும்’ (1993) மகேஷ் பட்டின் ‘அர்த்’ படத்தின் தமிழாக்கம். தழுவுவதைக் குற்றமென்று சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு பெண்களுக்கு இடையே ஓர் ஆண் என்ற ஒரே அமைப்புக்கு அவர் திரும்பத் திரும்ப வந்ததையும், ஒவ்வொரு முறையும் அந்த அமைப்பின் சிக்கலை மென்மையான வெளிச்சம் தணித்துக் காட்டியதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

‘மூன்றாம் பிறை’யையே எடுத்துக்கொள்வோம். நினைவிழந்து குழந்தை மனத்தோடு இருக்கும் ஒரு வளர்ந்த பெண்ணை ஒருவன் தன்னோடு அழைத்துச் சென்று மலைப்பகுதியில் ஒரு வீட்டில் வைத்துப் பராமரிக்கிறான். இந்தக் கதையில் பார்வையாளருக்கு இயல்பாகவே ஒரு சங்கடம் எழ வேண்டும். அவன் அன்பு எத்தகையது என்ற கேள்வி எழ வேண்டும். நீலகிரியின் மேகமூட்டத்தில் முகங்களில் நிழலே விழாத அந்த வெளிச்சம், அப்படியொரு கேள்வி எழுவதற்கு முன்பே நம்மை இளக்கிவிடுகிறது. அதே படத்தில் சில்க் ஸ்மிதாவின் ‘பொன்மேனி உருகுதே’ பாடல் வேறொரு பார்வையில், வேறொரு வணிகக் கணக்கில் படமாக்கப்பட்டிருக்கிறது. கள்ளமற்ற பெண் ஒரு பக்கம், ஆசையுள்ள பெண் மறுபக்கம் என்று இருவரையும் ஒரே கேமரா பிரித்து வைப்பதைக் குறித்து நம் விமர்சகர்கள் போதிய அளவு பேசியதில்லை. இறுதிக் காட்சியில் கேத்தி ரயில் நிலையத்தில் கமல் குரங்குச் சேட்டை செய்து காட்டிக்கொண்டு ரயிலோடு ஓடும்போது எனக்கும் கண் கலங்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் படத்தின் இரண்டு மணி நேரத்துக்கும் அந்த ஐந்து நிமிடம் நற்சான்றாகிவிடாது.

இதற்கு எதிராக ‘சதி லீலாவதி’யைப் (1995) பாருங்கள். கிரேசி மோகன் வசனம், கோவை சரளாவும் கமலும் பேசும் கொங்குத் தமிழ், வீட்டுக்குள் நடக்கும் கலாட்டா என்று படம் முழுக்க வாயாலேயே ஓடுகிறது. கேமரா தன்னை எங்கும் காட்டிக்கொள்ளவில்லை. தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் மக்கள் உட்கார்ந்து பார்க்கும் படம் அது. பாலு மகேந்திரா ரசிகர்கள் தங்கள் பட்டியலில் அதைச் சேர்க்கக் கூச்சப்படுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. கேமராவை அடக்கிவைத்தபோது அவரிடம் எவ்வளவு நல்ல இயக்குநர் இருந்தார் என்பதற்கு ‘வீடு’ ஒரு சான்று என்றால் இதுவும் ஒரு சான்றுதான். சன் தொலைக்காட்சிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளை வைத்து அவர் எடுத்த ‘கதை நேரம்’ தொடரையும் இந்த வரிசையில் வைக்கலாம். குறைந்த நேரம், குறைந்த வசதி, வீடியோப் பதிவு என்ற நெருக்கடியில் கதையின் முடிச்சு மட்டுமே கையில் மிஞ்சியது.

நெய்தல்வாசகி:

இருவருக்கும் நன்றி. நீங்கள் இருவரும் எதிரெதிராக வாதிடுவதாகச் சொன்னாலும், கேமரா பின்வாங்கிய படங்களையே இருவரும் உயர்வாகச் சொல்வதைக் கவனித்தேன். அப்படியானால் அவர் இயக்கிய படங்களோடு, பிறருக்காக ஒளிப்பதிவு செய்த ஒரு படத்தையும் சேர்த்துக் காட்டுவது பொருத்தமாக இருக்குமா? ‘முள்ளும் மலரும்’ தவிர வேறு எவற்றைப் பரிசீலிக்கலாம்? அவர் பிறந்து வளர்ந்த மட்டக்களப்புச் சூழலைப் பற்றி அறிமுகத்தில் ஏதேனும் சொல்ல இடமுண்டா என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டும்.

வாவிக்கரை:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். அவர் பிறந்த அமிர்தகழி, மாமாங்கேசுவரர் கோயில் இருக்கும் ஊர். வாவியும் தென்னையும் சூழ்ந்த இடம். இங்குள்ள புனித மைக்கேல் கல்லூரியில் படித்தார். பள்ளிக் காலத்தில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படப்பிடிப்பு இலங்கையில் நடந்தபோது அதைப் பார்க்க நேர்ந்ததும், இயக்குநர் டேவிட் லீன் ‘மழை’ என்று குரல் கொடுத்தவுடன் மழை பெய்ததைக் கண்டு வியந்து, தானும் அப்படி மழையை வரவழைப்பவனாக வேண்டும் என்று எண்ணியதும் அவரே நேர்காணல்களில் திரும்பத் திரும்பச் சொன்னவை. அந்தக் கதையில் சிறுவனைக் கவர்ந்தது கேமராவன்று என்பதைக் கவனியுங்கள். வானத்துக்கே ஆணையிடும் இயக்குநரின் குரலே அவனைக் கவர்ந்தது. வெள்ளைத்திரை ஐயா புனே பற்றிச் சொன்னதோடு இது பொருந்துகிறது. பின்னாளில் அவர் வானத்துக்கு ஆணையிடுவதை விட்டுவிட்டு, அது தரும் வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவரானார் என்பது வேறு விடயம்.

எங்கள் ஊரில் சிலருக்கு அவர்மீது ஒரு மனக்குறை உண்டு. இத்தனை மொழிகளில் படம் எடுத்தவர், இந்த மண்ணையும் இங்கு நடந்தவற்றையும் மையமாக வைத்து ஒரு முழுநீளப் படம் எடுக்கவில்லையே என்பதுதான் அது. எனக்கும் அந்தக் குறை இருந்தது. ஆனால் ‘அழியாத கோலங்க’ளை (1979) அண்மையில் மீண்டும் பார்த்தபோது, மூன்று சிறுவர்கள் பள்ளிக்கும் ஆற்றுக்கும் வயல்வெளிக்கும் இடையே சுற்றித் திரியும் அந்தப் படத்தில் தண்ணீருக்கு இருக்கும் இடம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அவர்களில் ஒருவனைத் தண்ணீரே கொண்டுபோய்விடுகிறது. ‘வீடு’ உருவானதற்குத் தம் தாயார் வீடு கட்டிய நாட்களின் நினைவே வித்து என்று அவர் சொல்லியிருக்கிறார்; ஆகவே சென்னையில் நடக்கும் அந்தக் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. அறிமுகத்தில் மட்டக்களப்பைச் சேர்க்க வேண்டுமென்றால் ‘வீடு’ படத்துக்கு முன்னால் சொல்லுங்கள். இயற்கைக் காட்சிகளோடு அதை இணைத்து ‘அழகிய தீவிலிருந்து வந்தவர்’ என்பது போலப் பேசிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளைத்திரை:

மறுபக்கம் அவர்களின் வாதத்தில் ‘மூன்றாம் பிறை’ பற்றிய பகுதி என்னை யோசிக்க வைத்தது. அந்த மென்மையான வெளிச்சம் கதையின் சங்கடத்தைத் தணிக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் படத்தின் முடிவில், குணமடைந்த விஜி அவனைப் பைத்தியக்காரனென்று நினைத்து ஒரு பிச்சைக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கும் அந்தக் கணத்தில், அதுவரை அவனுடைய கண்ணால் பார்த்து வந்த நம்மை அவளுடைய கண்ணால் பார்க்க வைக்கிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பிறர் இயக்கத்தில் அவர் ஒளிப்பதிவு செய்தவற்றில் பரதனின் முதல் படமான ‘பிரயாணம்’ (1975), கே. விஸ்வநாத்தின் ‘சங்கராபரணம்’ (1980), மணிரத்னத்தின் முதல் படமான ‘பல்லவி அனு பல்லவி’ (1983) ஆகியவை முக்கியமானவை. தாம் இயக்குநராக நிலைபெற்ற பிறகும், ஒரு புதியவரின் முதல் படத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார் என்பது அறிமுகத்தில் சொல்லத் தகுந்த செய்தி. ஆனாலும் தமிழ்ப் பார்வையாளர்களுக்கு ‘முள்ளும் மலரு’மே போதும். முதல் ஞாயிறு அது. இரண்டாம் ஞாயிறு ‘மூன்றாம் பிறை’, அதில் மறுபக்கம் எழுப்பிய கேள்வியையும் சேர்த்தே வையுங்கள். மூன்றாம் ஞாயிறு ‘வீடு’. நேரம் கிடைத்தால் ‘தலைமுறைக’ளிலிருந்து (2013) பத்து நிமிடம் காட்டலாம். டிஜிட்டலில் தாமே ஒளிப்பதிவு செய்து, வழக்கமான தொப்பி இல்லாமல் தாத்தாவாக அவரே நடித்த படம். 2014 பிப்ரவரியில் அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் திரைக்கு வந்தது. வெளிச்சத்தைக் குறைவாகக் கேட்கும் கருவி கைக்கு வந்த பிறகும் அவர் அதே ஜன்னலோரத்தில்தான் ஆட்களை அமர வைக்கிறார் என்பதைப் பார்ப்பது சுவையாக இருக்கும்.

மாணவர்கள் வந்தால் இன்னொன்றும் சொல்லுங்கள். பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் அவரிடம் பணியாற்றியவர்கள். இவர்களில் ஒருவரும் ஒளிப்பதிவாளராகவில்லை. அவர் தம் உதவியாளர்களிடம் முதலில் கொடுத்தது சிறுகதைத் தொகுப்புகளைத்தான். ‘கதை நேரம்’ நாட்களில் கதைகளைப் படித்துச் சுருக்கித் தருவதே வெற்றிமாறனின் வேலையாக இருந்தது. ‘வீடு’ படத்துக்காகச் சாலிகிராமத்தில் எழுப்பிய கட்டடத்திலேயே பிற்காலத்தில் அவருடைய சினிமாப் பட்டறை இயங்கியது.

ஒரு நடைமுறை எச்சரிக்கை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ போன்ற படங்களின் மூல நெகட்டிவ்கள் அழிந்துபோனதைப் பற்றி அவரே மேடைகளில் வருந்திப் பேசியிருக்கிறார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் நிறம் வெளுத்து, ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும். நான் மேலே விவரித்த ஜன்னல் வெளிச்சத்தில் பாதி அவற்றில் தெரியாது. திரையிடும் நாளுக்கு முன்பே உங்களிடமுள்ள ப்ரொஜெக்டரில் படத்தை முழுவதும் ஒருமுறை ஓடவிட்டு, நிழல்கள் கறுத்துப் போகாதபடி வெளிச்ச அளவைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அறையின் திரைச்சீலைகளையும் பார்த்துவிடுங்கள். பகல் காட்சியாக இருந்தால் அவற்றுக்குக் கறுப்புத் துணி தேவைப்படும்.